வைவா நாளில் யார் வீட்டுப் பந்தி?

2019 ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர் ஒருவர் துறை மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். யாருடையது என்று பார்க்கத்தான் திறந்தேன். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. மேலே 'வைவா செலவு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

எக்ஸ்டர்னல் ரூம் 2 நாள். கார், ஜங்ஷனிலிருந்து காலேஜ், திரும்ப ஜங்ஷன். சால்வை 14, விளக்குத்தூண். மாலை 3. ஃப்ளெக்ஸ் 2. போட்டோ, வீடியோ. மட்டன் பிரியாணி 90, சைவம் 40. ஜிகர்தண்டா 130. ஆபீஸ் கவர் 3. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. சிலவற்றை அடித்துக் குறைத்து மறுபடி எழுதியிருந்தார். பிரியாணி 120 என்று இருந்ததை அடித்து 90 ஆக்கியிருந்தார். சால்வையில் மட்டும் கை வைக்கவில்லை. கடைசி வரியில் 'கைடு அம்மா, பட்டு, மாம்பழக் கலர்?' என்று கேள்விக்குறியோடு இருந்தது. எதிரே 4,500. மொத்தக் கூட்டல் 61,400.

அப்போது அவர் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் மாதம் 11,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதம் சம்பளம் கிடையாது. கணக்கில் இருந்த கைடு அம்மா நான்தான்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு வெளித் தேர்வாளர்கள், அதாவது எக்ஸ்டர்னல்கள், அதைப் படித்து அறிக்கை அனுப்புவார்கள். அறிக்கைகள் சாதகமாக வந்தால் கடைசியாக ஒரு பொது வாய்மொழித் தேர்வு நடக்கும். அதைத்தான் வைவா என்கிறோம். வெளித் தேர்வாளர் நேரில் வருவார், மாணவர் தன் ஆய்வை எடுத்துச் சொல்வார், வந்திருக்கும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். துறை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், அக்கறை உள்ள வேறு அறிஞர்கள் எல்லோருக்கும் அது திறந்திருக்க வேண்டும் என்று அப்போது நடப்பில் இருந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளே சொல்லின. இவ்வளவுதான் விதி. அதன் பின்னால் வரும் பிரியாணி, சால்வை, கவர் எதுவும் எந்த விதியிலும் இல்லை. ஆனால் மதுரைப் பக்கம் கலை அறிவியல் கல்லூரி எதற்குள் நுழைந்து கேட்டாலும், வைவா என்றதும் முதலில் சாப்பாட்டைத்தான் நினைப்பார்கள்.

என் வைவா 2007-இல் நடந்தது. எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காடு. அப்பா பருத்தி போட்டார். அந்த வருசம் விளைச்சலும் சரியில்லை. அம்மாவின் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்து 20,000 வாங்கினோம். பத்தாததுக்கு மாமா கொடுத்தார். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வைவா அன்றைக்குப் பந்தியில் நின்று, 'இன்னும் கொஞ்சம் வச்சுக்கோங்க சார்' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலியைத் திருப்ப இரண்டு வருசம் ஆனது. இத்தனையும் பட்ட நான், நாளைக்கு எனக்கு ஒரு மாணவர் வந்தால் இப்படி நடக்க விடக்கூடாது என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் அந்த நோட்டைப் பார்த்தபோது என்னால் மூடி வைக்க முடியவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை வருமே என்று சிலர் கேட்பார்கள். ஜே.ஆர்.எஃப். என்ற தேசிய அளவிலான உதவித்தொகைக்குத் தேறியவருக்கு அப்போது மாதம் 31,000, 2023 ஜனவரியிலிருந்து 37,000. அது தேறாதவர்களுக்கு மாதம் 8,000 என்ற உதவி மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும்தான். நம் ஊர்க் கல்லூரிகளில் என் போன்றவர்களிடம் வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டிலும் சேராதவர்கள். காலையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் டியூஷன் எடுத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆய்வேடு எழுதுகிறவர்கள்.

அடுத்த நாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது 'எனக்குச் சேலை வேண்டாம்பா' என்று மட்டும் சொன்னேன். 'சரிங்கம்மா' என்றார். மற்ற எதையும் நான் தடுக்கவில்லை. தடுத்தால் துறைத்தலைவர் என்ன நினைப்பார், எக்ஸ்டர்னலுக்குக் குறை வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம். கடைசியில் சேலையையும் அவர் வாங்கித்தான் வந்தார். மாம்பழக் கலரேதான்.

அந்த வைவாவில் நடந்த ஒன்று இன்னும் எனக்கு உறுத்துகிறது. பதினொரு மணிக்குத் தொடங்கியது. வரவேற்பு, சால்வை, போட்டோ எல்லாம் முடியவே அரை மணி நேரம். மாணவர் பேசி முடித்தபோது மணி பன்னிரண்டரை. வெளித் தேர்வாளர் நான்கு கேள்வி கேட்டார். அப்புறம் கடைசி வரிசையிலிருந்து எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. 'நீங்க கள ஆய்வு செஞ்ச ஊருங்க எல்லாமே பஸ் ரோட்டு மேல இருக்கு. உள்ள இருக்கற ஊருக்கு ஏன் போகலை?' என்று தொடங்கினாள். நல்ல கேள்வி. அந்த ஆய்வில் இருந்த ஒரே பெரிய ஓட்டையே அதுதான், எனக்குத் தெரியும். அவள் கேட்டு முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர், 'சாப்பாடு ஆறுதும்மா' என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது நான். ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பேச வைத்திருக்கலாம். 'நேரமாச்சு, பிறகு தனியா பேசிக்கலாம்' என்று முடித்துவிட்டேன். அவள் சீட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாப்பாட்டின் கெடுதல் காசோடு நிற்பதில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 130 பேருக்கு இலை போட்டு வைத்திருக்கும்போது எந்தத் தேர்வாளர், 'மூன்றாம் இயலைத் திருத்திவிட்டு வாருங்கள்' என்று சொல்வார்? யாருக்கு மனசு வரும்? மாணவரின் அம்மா சாம்பார் வாளியோடு நிற்கிறார். கேள்வி கேட்கிறவரே கெட்டவர் ஆகிவிடுகிறார்.

நாங்கள் தமிழ்த் துறை. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியர் தன் நூலை அரங்கேற்றியபோது, அதங்கோட்டாசான் சொல்லுக்குச் சொல் குற்றம் கேட்டார், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார் என்று நச்சினார்க்கினியர் சொல்லும் கதையை வருசா வருசம் வகுப்பில் நடத்துகிறோம். குற்றம் கேட்டதால்தான் அது அரங்கேற்றம். அதை நடத்திவிட்டு வந்து, கேள்வி கேட்ட பெண்ணை உட்கார வைத்தேன்.

2020-இல் கொரோனா வந்தது. வைவா எல்லாம் கணினித் திரைக்குப் போனது. சால்வை இல்லை, பந்தி இல்லை. ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து, தஞ்சாவூரிலிருந்து, ஒரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஒரு வைவாவில் கேள்வி மட்டுமே ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் போனது. யாருடைய பட்டமும் அதனால் குறைந்துவிடவில்லை. 2022-இல் நேரில் நடத்தலாம் என்று ஆனபோது, பழையபடி பிரியாணிக்குப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. துறைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். வந்த விதம்தான் எதிர்பாராதது. விருந்தோம்பல் தமிழர் பண்பு என்று ஒருவர் சொன்னார். பின்லாந்தில்கூட முனைவர் தேர்வு முடிந்ததும் மாணவர் தேர்வாளரைக் கௌரவிக்க 'கரோன்கா' என்று ஒரு விருந்து வைப்பார் என்று இளைய ஆசிரியர் ஒருவர் எடுத்துக்காட்டினார். உண்மைதான், அங்கே அப்படி வழக்கம் உண்டு. அதைச் சாயங்காலம் தனியாக வைத்துக்கொள்வதால் கேள்வி நேரத்தில் அது குறுக்கே வராது என்று நான் சொன்னேன்.

மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னதற்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'நான் எங்க சாருக்குச் செஞ்சேன், நீங்க உங்க மேடத்துக்குச் செஞ்சீங்க. இப்ப நம்ம முறை வரும்போது நிறுத்தணும்னா எப்படி?' என்றார். அவர் பேராசைக்காரர் இல்லை. நியாயமாகத்தான் கேட்டார். ராத்திரியெல்லாம் அதையே யோசித்தேன். அது மொய்க் கணக்கு. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இது ரத்தத்தில் ஊறியது. செய்தது திரும்பி வரவேண்டும். ஆனால் மொய்யில் ஒரு நேர்மை இருக்கிறது. உன் வீட்டுக் காதுகுத்துக்கு நான் ஆயிரம் எழுதினால், என் வீட்டு விசேஷத்துக்கு நீ வந்து அதைத் திருப்புவாய். வாங்கினவரே கொடுப்பவர். நோட்டில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். வைவா விருந்தில் அப்படி இல்லை. நான் என் கைடுக்குச் செய்ததை அவர் எனக்குத் திருப்பவில்லை. அதை என் மாணவரிடம் வசூல் பண்ணுகிறேன். அவர் அவருடைய மாணவரிடம். எப்போதும் கடைசியில் வந்தவர்தான் கடன்காரர். அடுத்த நாள் அந்த மூத்த ஆசிரியரிடம் இதை அப்படியே சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்க்கவும் இல்லை.

வேறொருவர் கணவர் வக்கீல். அவர் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னது எல்லோரையும் அமைதியாக்கியது. 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டம் யார் யார் பொது ஊழியர் என்று இரண்டாம் பிரிவில் சொல்கிறது. பல்கலைக்கழக ஆசிரியர்களும், தேர்வு நடத்துவதற்காகப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொள்ளும் ஆட்களும் அதில் சேர்ந்தவர்கள். சால்வையையும் பிரியாணியையும் அந்தக் கண்ணோடு அதுவரை எங்களில் யாரும் பார்த்தது இல்லை. பயத்தால் வந்த ஒப்புதல் நிலைக்காது என்று எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு அது உதவியது.

முடிவு இதுதான். மாணவரிடமிருந்து எதுவும் வாங்குவதில்லை. டீ, வடை, சுண்டல் துறைச் செலவு. ஆறு ஆசிரியர்கள், ஆளுக்கு 300 ரூபாய்.

செப்டம்பரில் முதல் வைவா. அதில் நாங்கள் செய்த தப்பைச் சொன்னால்தான் இதை வேறு துறைகளில் முயற்சி செய்கிறவர்களுக்கு உதவும். அறிவிப்பில் கொட்டை எழுத்தில் 'விருந்து, பொன்னாடை, பரிசு அனுமதி இல்லை' என்று போட்டோம். மாணவியிடம் ஒரு வாரம் முன்னால்தான் சொன்னோம். வீட்டில் யாரிடமும் பேசவில்லை. வைவா அன்றைக்கு மாணவியின் அப்பாவும் அம்மாவும் வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். அம்மா புதுச் சேலை. அப்பா கையில் மாட்டுத்தாவணியில் வாங்கின மல்லிகைப்பூப் பொட்டலம், இன்னொரு கையில் கொய்யாப்பழம் ஒரு பை. அப்பா அரங்குக்குள் வரவே இல்லை. அறிவிப்பை யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றார். நான் போய்க் கூப்பிட்டபோது, 'எங்க ஊருல பக்கத்துத் தெருப் பையனுக்குப் போன தடவை ரெண்டு ஆடு அடிச்சாங்க டீச்சர். எம் மகளுக்கு மட்டும் ஏன் வேணாம்னுட்டீங்க? நாங்க அம்புட்டு ஏழையா?' என்றார்.

நான் அவர் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது மரியாதைக் குறைச்சல். குடும்பத்தில் முதல் பட்டம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர், தானும் நாலு பேருக்குச் சோறு போட்டுத் தலைநிமிர்ந்து நிற்கக் காத்திருந்த நாள் அது. என் அம்மா வெறும் கழுத்தோடு பந்தியில் நின்றபோது அவர் முகத்தில் கஷ்டம் மட்டுமா இருந்தது? பெருமையும்தானே இருந்தது. அதை மறந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு வேறொரு கூத்து. வெளித் தேர்வாளருக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டு மணிக்கு அவர் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டார். பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை குனிவாக இருந்தது.

அதற்கு அப்புறம் நிறைய மாற்றினோம். முதலில் சொல்லும் நேரம். ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்கும்போதே, அதாவது வைவாவுக்குப் பல மாதம் முன்னாலேயே, கைடுதான் மாணவரிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். 'உன்னால முடிஞ்சதைச் செய்' என்பது பதில் இல்லை. மாணவரால் மறுக்கவே முடியாது. மறுக்கிற இடத்தில் இருப்பவர் கைடு ஒருவர்தான். கடன் வாங்குவதற்கு முன்னால் சொன்னால்தான் சொன்னதற்குப் பலன். ஒரு வாரம் முன்னால் சொன்னபோது அந்தப் பெண் வீட்டில் சமையல்காரருக்கு அட்வான்ஸே கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது பெற்றோர். வைவாவுக்கு ஒரு மாதம் முன்னால் நானே அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசுகிறேன். விருந்து வேண்டாம் என்று சொல்வதில்லை. 'உங்க ஊர்ல, உங்க வீட்டு வாசல்ல, உங்க சொந்தக்காரங்களுக்கு எப்ப வேணும்னாலும் போடுங்க. காலேஜ்ல மட்டும் வேண்டாம், பட்டம் உறுதியாகறதுக்கு முன்னாடி வேண்டாம்' என்று சொல்கிறேன். வைவாவில் முதல் வரிசையில் நடு நாற்காலி இரண்டு அவர்களுக்கு. முடிவை அறிவித்ததும் மாணவர் தன் பெற்றோரைப் பெயர் சொல்லி, என்ன வேலை செய்கிறவர்கள் என்று சொல்லி அறிமுகம் செய்வார். அப்போது தேர்வாளரும் நாங்களும் எழுந்து நிற்போம். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை. ஆனால் இது இல்லாமல் பந்தியை மட்டும் எடுத்தால் வெறும் இடம்தான் மிஞ்சும். அறிவிப்பின் வாசகத்தையும் மாற்றினோம். 'அனுமதி இல்லை' போய், 'தேநீர் துறையின் உபசரிப்பு' என்று வந்தது. விருந்தோம்பல் பற்றிக் கவலைப்பட்டவர் சொன்ன யோசனை அது. விருந்து கொடுக்க வேண்டியது அழைத்தவர்தானே, அழைத்தது நாம்தானே என்றார். அவர் சொன்னது சரி.

வெளித் தேர்வாளர் ஏற்பாட்டில் மாணவரின் கையே படக்கூடாது. பயணப்படியும் மதிப்பூதியமும் பல்கலைக்கழகத்தில் பிறகு வரும், சில சமயம் ரொம்பத் தாமதமாக வரும். அந்த இடைவெளியைத்தான் இத்தனை நாளும் மாணவர் தன் காசில் நிரப்பிக்கொண்டிருந்தார். இப்போது துறை ஆசிரியர்களில் ஒருவர் ஜங்ஷனுக்குப் போய் அழைத்து வருகிறார். கல்லூரி விருந்தினர் அறையில் தங்கல். மதியச் சாப்பாடு கைடு செலவில். இரண்டு பேர் சாப்பாட்டுக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது. தேர்வாளரின் போன் நம்பரை வைவா முடியும்வரை மாணவருக்குக் கொடுப்பதில்லை. இது மிக முக்கியம். நம்பர் போனால் 'சார், என்ன சாப்பிடுவீங்க' என்று ஆரம்பித்துவிடும்.

இன்னொரு இடத்திலும் சறுக்கினோம். 2023-இல் ஒரு மாணவர் என் வீட்டுக்கே பட்டுச்சேலைப் பையோடு வந்துவிட்டார். திருப்பிக் கொடுத்தால் அழுதுவிடுவார்போல் இருந்தது. 'சேலையைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு அந்தக் காசுல துறை நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் குடுப்பா' என்றேன். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். அவர் 2,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தார். அடுத்த மாணவர் 5,000-க்கு. அதற்கடுத்தவர் ஒரு புத்தக அலமாரியே தருகிறேன் என்று வந்து நின்றார். ஒரு வருசத்துக்குள் புது வழக்கம், புது விலை. உடனே நிறுத்தினோம். பழையதை எடுத்த இடத்தில் எதை வைத்தாலும், அது மாணவரின் பையிலிருந்து வருவதாக இருந்தால், கொஞ்ச நாளில் பழையதாகவே ஆகிவிடும். இப்போது எதுவும் இல்லை. நன்றி சொல்ல ஆசைப்படுகிறவர்களிடம், அடுத்து வைவாவுக்கு வருகிற மாணவருக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறேன். புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்ததிலிருந்து அங்கே போய் மூன்று நான்கு பேராக உட்கார்ந்து, ஒருவர் ஆய்வேட்டை மற்றவர்கள் படித்துக் கேள்வி எழுதிக் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நானும் சில தடவை போயிருக்கிறேன்.

கூட்டம் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு 130 பேர். இப்போது முப்பது, நாற்பது. முதலில் எனக்கே சங்கடமாக இருந்தது. பிறகு ஒரு பக்கத்தில் ஆய்வுச் சுருக்கத்தை எளிய தமிழில் அச்சடித்து, இரண்டு நாள் முன்பே எம்.ஏ. வகுப்புகளில் கொடுக்க ஆரம்பித்தோம். பின்பக்கம் 'உங்கள் கேள்வி' என்று நாலு கோடு. முதல் கேள்வி எப்போதும் எம்.ஏ. மாணவர் ஒருவருடையது, அப்புறம்தான் ஆசிரியர்கள். 2019-இல் உட்கார வைத்த அந்தப் பெண்ணை நினைத்துத்தான் இப்படி வைத்தேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். போனில் கூப்பிட்டு அன்றைக்கு நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். அவளுக்குக் கேள்வி அப்படியே ஞாபகம் இருந்தது.

2024 பிப்ரவரியில் நடந்த வைவாவைச் சொல்கிறேன். செல்லம்பட்டிப் பக்கத்து மாணவர். கண்மாய்ப் பாசனச் சொற்கள் பற்றிய ஆய்வு. மடை, கலுங்கு, மறுகால், கண்மாய்த் தண்ணீரைத் திறந்து பாய்ச்சும் நீராணிக்காரர் என்று ஊர் ஊராகப் போய்த் திரட்டியிருந்தார். பதினொரு மணிக்குத் தொடங்கி ஒன்றே காலுக்கும் கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் மாணவரின் தாய்மாமா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கை தூக்காமல் நேராக எழுந்து நின்று, 'நானும் ஒண்ணு கேக்கலாமா?' என்றார். எல்லோரும் திரும்பினோம். வெளித் தேர்வாளர், 'தாராளமா கேளுங்கய்யா' என்று மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

'நீராணிக்காரருக்குக் கூலியை நெல்லாக் குடுத்தாகன்னு சொன்னே. சரிதேன். கம்மா நெறையாத வருசம் நெல்லே இருக்காதுல்ல. அப்ப அந்தாளு என்னத்தத் தின்னுருப்பாரு?'

மாணவர் அப்படியே நின்றார். கையில் இருந்த ஆய்வேட்டைப் புரட்டினார். பிறகு, 'அதை நான் கேக்கலை மாமா' என்றார். அரங்கில் சத்தமே இல்லை. வெளித் தேர்வாளர் தன் தாளில் ஏதோ எழுதினார். முடிவு அறிவிக்கும்போது, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகவும், ஆய்வேட்டின் இறுதிப் படியில் பஞ்ச காலக் கூலி பற்றி ஒரு பகுதி சேர்க்க வேண்டும் என்றும், முப்பது நாள் அவகாசம் என்றும் சொன்னார். எங்கள் துறையில் ஒரு வைவா திருத்தத்தோடு முடிந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாணவர் முகம் வாடவில்லை. மாமாதான் கொஞ்சம் பதறிப்போய் என்னிடம் வந்து, 'நான் கேட்டது தப்பாயிருச்சா டீச்சர்?' என்றார். இல்லை என்று சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்துத் துறைகளில் பந்தி நடக்கிறது. எங்கள் மூத்த ஆசிரியர் இன்னும் வைவாவுக்கு வந்து, சுண்டலைத் தொடாமல் எழுந்து போகிறார். அவருக்குச் செலுத்த வேண்டியதை இந்த உலகம் செலுத்தவில்லை என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. அதற்கு என்னிடம் வழி இல்லை.

பத்து நாள் கழித்து அந்த மாணவர் வீட்டில் விருந்து. ஊர் மந்தையில் பந்தல். வெள்ளாட்டுக் கறி. வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, 'எந்த ஊருத்தா?' என்றார். திருமங்கலம் பக்கம் என்று எங்கள் ஊர்ப் பெயரையும் என் பெயரையும் சொன்னேன். 500 எழுதிக்கொண்டார். அப்பா பெயரையும் கேட்டுப் பக்கத்தில் எழுதினார். பிறகு உள்ளே போய் வயிறாரச் சாப்பிட்டேன். மாணவரின் அம்மா குழம்பு வாளியோடு வந்தார். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

கை கழுவப் போகும்போது மாணவரைத் தேடினேன். பந்தலுக்குப் பின்னால், கண்மாய்க் கரையில் ஒரு பெரியவரோடு உட்கார்ந்திருந்தார். பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, காதும் மந்தம். நாற்பது வருசம் அந்தக் கண்மாய்க்கு நீராணி பார்த்தவராம். இவர் காதருகே போய்க் கத்திக் கத்திக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வைவா நாயகன் இன்னும் சாப்பிடவில்லை என்று பந்தலிலிருந்து யாரோ, 'ஏப்பா, சாப்பாடு ஆறுது!' என்று குரல் கொடுத்தார்கள்.

நோட்டிலிருந்து தலை தூக்காமல், 'இருங்க சித்தப்பா, தாத்தா இன்னும் சொல்லி முடிக்கலை' என்றார்.